மூன்று அட்டைகள்

என்னிடம் மூன்று அட்டைகள்.
பச்சையில் ஐந்து நிமிடம், மஞ்சளில் ஒரு நிமிடம்.
சிவப்பில் எதுவும் எழுதவில்லை.
எழுதவே வேண்டாம் என்றார் ஒருங்கிணைப்பாளர்,
பார்த்தாலே புரியும் என்றார்.

கிசுமு நகர நூலகம், மேல்தளம்,
மாதத்தின் கடைசி வியாழன்.
சட்டமும் சமூக மாற்றமும்: பொதுக் கருத்தரங்கு, எண் பத்தொன்பது.
நாற்பது நாற்காலி போட்டோம்.
வந்தது இருபத்தாறு பேர்,
அதில் ஆறு பேர் தேநீருக்கு.
அவர்களையும் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டேன்,
பணம் தருகிறவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைமேல்
மாராபு நாரைகள்,
வாய்தா வாங்கித் திரும்பிய வக்கீல்கள் மாதிரி
கழுத்தை உள்ளிழுத்து நின்றன.

முனைவர் நெகேசா
அரசியல் சாசனத்தின் நாற்பத்து மூன்றாம் பிரிவைப் பேசினார்.
போதுமான வீடு.
அந்தப் 'போதுமான'வுக்குள் கதவு உண்டா,
மழைக்கு ஒழுகாத கூரை உண்டா,
குழாய் எத்தனை அடி தூரத்தில்,
ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார்,
ஏரிக்கரைச் சந்தையில் பெரிய மீனை மேலே வைப்பதுபோல.
நன்றாகத்தான் பேசினார்.
பச்சை காட்டினேன், தலையசைத்தார்.
மஞ்சள் காட்டினேன், வேகமெடுத்தார்.
வீட்டை இடிக்குமுன் எத்தனை நாள் அவகாசம் தரவேண்டும்
என்ற இடத்தில் சிவப்பு.
பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார்.
கைதட்டினோம்.

பிறகு கேள்விகள், ஆளுக்கு இரண்டு நிமிடம்.
ஒரு மாணவன் கேள்வியே இல்லாமல் ஒன்றரை நிமிடம் கேட்டான்.
ஒரு பாதிரியார் ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி சொன்னார்.
கீழே மத்தாத்து வேன் ஒன்று
ஹாரனில் கைவைத்தபடி யாரையோ திட்டியது.

கடைசி வரிசையில் எழுந்தவரை
நான் தேநீர்க் கணக்கில் வைத்திருந்தேன்.
பெயர் ஒடுண்டோ.
சுவாஹிலியில் பேசலாமா என்று
சுவாஹிலியிலேயே கேட்டார்.

"போன பிப்ரவரியில் ரயில் பாதையோரம்
வீடுகளில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டது நான்.
நாளுக்கு எண்ணூறு ஷில்லிங்.
பெயிண்ட் அவர்களுடையது, பிரஷ் என்னுடையது.
இருநூற்றுப் பதினொரு கதவு.
ஒரு பெண் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்,
திறந்த கதவில் போட்டால் செல்லாதாம்.
சுவரில் போட்டேன்.
என் அக்கா வீட்டில் மட்டும் சிறியதாய்ப் போட்டேன்.
சிறியதாய் இருந்தால்
இடிக்கிற வண்டிக்காரன் கண்ணில் படாதென்று."

யாரோ சிரித்தார்கள்.
அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"வீடு போனவர்களுக்கு உங்கள் புத்தகத்தில் இடமிருக்கிறது, அம்மா.
உத்தரவு போட்டவருக்கும் இருக்கிறது.
குறி போட்டவன் எந்தப் பிரிவு?"

இரண்டு நிமிடம் தாண்டிப் பதினாறு நொடி.
சிவப்பு அட்டை என் மடியில்.
தூக்கினால் போதும்,
இத்தனை பேர் நடுவில்
அவர் நெஞ்சுக்கு நேரே நிற்கும்.
பிஸ்கட் தட்டுக்கு அடியில் செருகினேன்.

நெகேசா சாசனத்தைத் திறந்தார்.
தள்ளினார், ஒன்று, இரண்டு, மறுபடி பின்னால்.
மூடிவிட்டு, "தெரியவில்லை" என்றார்.
பத்தொன்பது கூட்டங்களின் குறிப்பில்
அந்தச் சொல்லை முதல்முறையாக எழுதினேன்.
எழுத்துப்பிழை வந்தது, அடித்துத் திருத்தினேன்.

ஒடுண்டோ உட்காரவில்லை, போகவுமில்லை.
நிகழ்ச்சி நிரல் தாளில் இரண்டு மண்டாசி மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
சுவரோரம் நின்று கடைசிவரை கேட்டார்.

இரவு பதிவேட்டைக் கணினியில் ஏற்றினேன்.
பெயர், தொலைபேசி, நிறுவனம்.
நிறுவனம் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடிழுப்பார்கள்.
அவர்
சிறியதாய் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்.

இதை என்ன செய்வது என்று
ஒருங்கிணைப்பாளருக்குச் செய்தி அனுப்பினேன்.
காலியாக விடு என்று பதில் வந்தது.

இன்னும் விடவில்லை.